வாசம் இல்லாத அடுப்படி

கல்யாணமாகி எட்டாம் மாதம் என்னை வேறு வைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது சண்டை போட்டுப் பிரித்துவிட்டதுபோல் கேட்கும். எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் அப்படியில்லை. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில்தான் இருப்பார்கள். கல்யாணமான ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு, அவ்வளவுதான். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் வரிசையாக நான்கு அடுப்படிகள் இருந்தன. முதலாவது மாமியாருடையது. அடுத்தது என் கணவரின் அண்ணன் மனைவியுடையது. அவரை நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். மூன்றாவது பூட்டிக் கிடந்தது. நான்காவது எனக்கு.

நான் அடுப்பு மூட்டிய மூன்றாம் மாதம் கணவர் பினாங்குக்குக் கப்பலேறினார். அங்கே உறவுக்காரர் ஒருவரின் துணிக்கடையில் வேலை. மூன்று வருஷம் கழித்துத்தான் வர முடியும். பத்தொன்பது வயதில் எனக்கு மட்டும் சமைக்கப் பழகினேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பது பத்து ஆளுக்கு வைப்பதைவிடக் கஷ்டம். எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சும்.

அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மழையில் எனக்குக் கடுமையான சளியும் காய்ச்சலும் வந்தன. ஒன்பது நாள் படுக்கை. ஆச்சிக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் கஞ்சியை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பத்தாம் நாள் குளித்துவிட்டு நானே மிளகு ரசம் வைத்தேன். வாயில் ஊற்றியதும் சூடு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, தொண்டையில் மிளகு உறைத்தது. ரசம் தெரியவில்லை.

காய்ச்சல் நாக்கு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒரு வாரம் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. விரலை மூக்கருகில் கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய்ப் புட்டியின் மூடியைக் கழற்றி முகர்ந்தேன். அப்போதுதான் பயம் வந்தது.

யாரிடம் சொல்வது? மாமியார் பொல்லாதவர் இல்லை. ஆனால் மருமகளுக்கு ஏதோ வியாதி என்று பேச்சுக் கிளம்பினால் அது என் கடிதத்துக்கு முன்னால் பினாங்கு போய்ச் சேர்ந்துவிடும். பிறந்த ஊரான நெற்குப்பையில் என் அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார். கணவருக்கு மழை பெய்ததை எழுதினேன், கோயிலுக்குப் போனதை எழுதினேன், நான் சௌக்கியம் என்று எழுதினேன்.

என் சமையலை வேறு யாரும் சாப்பிடாததால் யாருக்கும் தெரியவில்லை. சாம்பாரும் புளிக்குழம்பும் எனக்கு ஒன்றாகிவிட்டன. மணி ஆயிற்று என்பதற்காகச் சாப்பிட்டேன். ஒருமுறை கெட்டுப்போன பாலைக் குடித்துவிட்டு நாள் முழுக்க வாந்தி எடுத்தேன். அதைவிட மோசம், என் உடம்பு எப்படி நாறுகிறதோ என்ற சந்தேகம். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன். கோயிலில் பெண்கள் நெருங்கி நின்றால் தூண் பக்கம் ஒதுங்கிக்கொள்வேன். மனிதர் பக்கத்தில் நிற்கவே கூச்சமாகிவிட்டது.

தை மாதம் ஒரு பகல். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆச்சியின் சத்தம் முற்றத்து வளவு முழுக்கக் கேட்டது.

"ஏத்தா! அடுப்புல என்னத்தப் போட்டுட்டு உக்காந்திருக்க? வீடே கமறுது. ஒனக்கு மூக்கு இல்லையா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்படி முழுக்கப் புகை. பருப்பு கரியாகிச் சட்டி வெடித்திருந்தது.

"இல்ல ஆச்சி," என்றேன்.

"என்ன இல்ல?"

"மூக்கு இல்ல. மூணு மாசமா ஒரு வாசமும் தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆச்சி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் விலகப் பார்த்தேன், தோளைப் பிடித்துக்கொண்டார்.

பாத்திரம் வாங்கப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மறுநாள் இருவரும் பஸ் ஏறிக் காரைக்குடி போனோம். டாக்டர் டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தார். "காய்ச்சல்ல நரம்பு அசந்துபோயிருக்கும்மா. வரும். வராமலும் போகலாம். மருந்து கிடையாது."

திரும்பி ஊர் வந்து இறங்கியதும் ஆச்சி, "இனிமே பாலக் காச்சுறதுக்கு முன்னால எங்கிட்டக் கொண்டா. நான் மோந்து சொல்றேன்," என்றார்.

அன்று முதல் தினமும் காலையில் அவர் அடுப்படி வாசலில் சொம்பை நீட்டுவேன். முகர்ந்து பார்த்து, "நல்லாருக்கு, காச்சு," என்பார். பல நாட்களில் நான் கேட்ட மனிதப் பேச்சு அதோடு சரி.

ஆடியில் ஏதோ தெரிய ஆரம்பித்தது. ஆனால் எல்லாம் தப்பாகத் தெரிந்தது. காப்பி எரிந்த ரப்பராக நாறியது. வதங்கும் வெங்காயம் அழுகலாக நாறியது. ஒன்றுமே இல்லாமல் இருந்ததே தேவலை என்று தோன்றியது. இரண்டு மாதம் வெறும் மோர்ச்சோறுதான்.

புரட்டாசி கழிந்து ஒரு மத்தியானம், மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆச்சியின் அடுப்படியிலிருந்து ஒரு வாசம் வந்தது. உப்புக் கையோடு எழுந்து போனேன்.

"ஆச்சி, சோம்பு வறுக்குறீகளா?"

அவர் திரும்பிப் பார்த்தார். கரண்டி கையிலேயே நின்றது. "ஏத்தா, தெரியுதா?"

"தெரியுது."

"தேங்கா?"

"இப்ப அதுவும்."

விசேஷ நாள் தவிர ஒருத்தி அடுப்படியில் இன்னொருத்தி உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆச்சி இலை போட்டார். கோழிக்குழம்பு. எனக்குப் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியே போதும்போல் இருந்தது. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

அடுத்த சித்திரையில் ஆச்சியின் கணவருக்கு மெட்ராசில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது அடுப்படியும் பூட்டப்பட்டது. அதன் பிறகுதான் எனக்கு வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின: நல்லெண்ணெய், பழைய சோறு, வெயிலில் காய்ந்த துணி. ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்து, பூட்டைப் பார்த்து நின்றிருக்கிறேன். மல்லிகை மட்டும் இன்றுவரை வரவில்லை.

கணவர் சொன்னபடி மூன்று வருஷம் முடிந்து வந்தார். வந்த மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு வரி எழுதியிருக்கலாமே," என்றார்.

"எழுதியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை. அங்கே அவரும் ஒற்றை ஆளாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் கழற்றிப்போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தபோது யாருமில்லாத நேரம் பார்த்து முகர்ந்தேன். நான் நினைவில் வைத்திருந்த வாசம் அதில் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அவர் மாறிவிட்டாரா, என் மூக்குத்தான் இன்னும் தப்பாகச் சொல்கிறதா என்று கேட்க ஆளில்லை. சட்டையைத் தண்ணீரில் நனைத்தேன்.