மாடசாமியின் தொண்டையும் என் இரண்டு கருவிகளும்

மயக்க மருந்து கொடுக்கும் தோழரே, உங்கள் கைக்கு வசப்படாத தொண்டையும் உண்டு என்பதைக் கடைசியாக எப்போது வாய்விட்டு ஒப்புக்கொண்டீர்கள்?

நம் தொழில் விசித்திரமானது. அதைச் செம்மையாகச் செய்துமுடித்தால், நோயாளிக்கு நம் முகம்கூட நினைவிருப்பதில்லை. தென்காசியில் ஒரு சிறிய மருத்துவமனையின் அறுவை அரங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிற்கிறேன். ஆளை உறங்கவைத்ததும் அவருடைய மூச்சு நின்றுவிடும். அதற்குப் பின் அதிக நேரம் தாழ்த்தாமல் குரல்நாண்களுக்கு நடுவே ஒரு குழாயைச் செலுத்தியாக வேண்டும். அதற்காக நாக்கை விலக்கிப் பிடிக்கிற, விளக்குப் பொருத்திய எஃகு அலகுதான் லாரிங்கோஸ்கோப். அலகின் வழியே நேர்க்கண்ணால் பார்ப்பது பழைய முறை. அலகின் நுனியில் கேமராவை வைத்துத் திரையில் பார்ப்பது புதிய முறை. இரண்டில் எது மேல் என்று நீங்களும் சண்டையிட்டிருப்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

அறுக்காமல் எழுப்பிய நாள்

மாடசாமி, குற்றாலத்தில் குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர். அவருடைய பித்தப்பை நிறையக் கல். இரண்டு முறை அதில் சீழ் பிடித்து, குளிர்காய்ச்சலில் கிடந்து பிழைத்தார். இன்னொரு முறை வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை, அதற்குள் பையை எடுத்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய கழுத்தெலும்புகளோ வாதத்தால் இறுகிப்போனவை. வானத்தைப் பார்க்கச் சொன்னால் இடுப்பை வளைத்துத்தான் பார்ப்பார். அதைக் கண்ணால் கண்டும், இப்படி எத்தனை பேரைப் பார்த்தவன் நான் என்ற எண்ணத்தோடு அவரை உறங்கவைத்தேன்.

நேர்க்கண்ணால் பார்ப்பதற்கு வாயும் தொண்டையும் ஒரே கோட்டில் வர வேண்டும். கழுத்து நிமிராத மனிதருக்குக் கோடு எங்கிருந்து வரும்? நாக்கின் அடிப்பகுதிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இரண்டு முறை முயன்றேன். நல்லவேளையாக, முகமூடி வழியே காற்று தடையின்றிப் போயிற்று. மூன்றாம் முறை முயலாமல் அவரை எழுப்பிவிட்டேன். நிறுத்தத் தெரிவதும் இத்தொழிலில் ஓர் அறம்தான். கண் விழித்த மாடசாமி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் சார், அறுக்கவே இல்லியா? சும்மா தூங்க வச்சு எழுப்பி விடுததுக்கா விடியக்காலத்துலேருந்து பட்டினி போட்டீய?”

எல்லோரும் பார்த்த தொண்டை

அடுத்த மாதம் மருத்துவமனைக்குக் கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப் வந்தது. டிவி பார்த்து வேலை செய்கிறவர்களுக்கானது என்று ஏளனமாக நினைத்தேன். ஆனாலும் ஆவல் விடவில்லை. சிக்கலில்லாத ஒரு நோயாளியிடம் முதலில் அதை நுழைத்தபோது, குரல்நாண்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று திரையில் விரிந்தன. அறுவை மருத்துவர் கையுறையை மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஒருவர் மட்டுமே எட்டிப் பார்க்கக்கூடிய கிணறு ஒன்று இருந்ததாம். தண்ணீர் இருக்கிறது என்று அவர் சொன்னால் ஊர் நம்பியாக வேண்டும். ஒருநாள் கிணற்றுச்சுவர் இடிந்து ஊரே எட்டிப் பார்த்தது. தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. அன்று எனக்கும் வியர்த்தது. பதினைந்து ஆண்டுகளாக என் பக்கத்தில் நின்று குழாயை எடுத்துத் தருகிற மும்தாஜ் சிஸ்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “இவ்ளோ வருசமா ‘தெரியுது, தெரியுது’ன்னு நீங்க சொல்லுவீய, நாங்க நம்புவோம். இனிமே எங்களுக்கும் தெரியும்லா சார்.”

சிவந்துபோன திரை

மாடசாமிக்கு உடனே ஆள் அனுப்பினேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, சீசன் முடியட்டும் என்று பதில் வந்தது. அவர் வரவில்லை, அருவிக்கரைப் பாறையில் வழுக்கி விழுந்த ஒரு வெளியூர்க்காரர் வந்தார். முகமெல்லாம் அடி, வாய் நிறைய இரத்தம், நினைவும் இல்லை. அதற்குள் நான் கேமராவின் பரம பக்தனாகியிருந்தேன். நுழைத்தேன். முதலில் திரையில் ஆவி படர்ந்தது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி நுழைத்தேன். இரத்தம் வந்து கண்ணாடியை மூடியது. திரை முழுக்கச் சிவப்பு. நானோ அந்தச் சிவப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய எஃகு அலகு என் கைக்குள் திணிக்கப்பட்டது. உறிஞ்சுகுழாயால் இரத்தத்தை எடுத்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். ஒரு நொடி தெரிந்த இடைவெளியில் குழாய் போய்விட்டது. அலகைத் திணித்த மும்தாஜ் சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “டிவி போனா என்ன சார், ஒங்க கண்ணு எங்க போச்சு? அதையே பாத்துக்கிட்டு நிக்கியளே!”

வாயால் சொன்ன சேதி

சீசன் ஓய்ந்ததும் மாடசாமி வந்தார். உறங்கவைத்துக் கேமராவை நுழைத்தேன். எஃகு அலகுக்குப் பிடிகொடுக்காத குரல்நாண்கள் திரையில் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் குழாய் போகவில்லை! ஒவ்வொரு முறையும் ஓரத்தில் முட்டி நின்றது. கேமரா நாக்கின் வளைவைத் தாண்டிப் பார்க்கிறது. குழாய் அந்த வளைவைத் தாண்டிப் போக வேண்டுமே. வெளியே எடுத்து, முகமூடியில் மூச்சுக் கொடுத்து, குழாய்க்குள் இருக்கும் கம்பியை அலகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துச் செலுத்தினேன். போயிற்று. காண்பது ஒரு வேலை, சென்று சேர்வது வேறொரு வேலை என்று அன்று கற்றேன். பித்தப்பை வெளியே வந்தது.

மறுநாள் வார்டில் பெருமிதத்தோடு அவருடைய கட்டிலருகே நின்றேன். முதல்முறைக்கும் இதற்கும் இடையில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாண வீட்டில் வலி வந்து, வழியில் ஏதோ ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அவசரமாக மேசையில் ஏற்றி, அறுக்காமல் அனுப்பிய அன்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்திருக்கிறார்கள். அதில் ‘அறுவை ஒத்திவைக்கப்பட்டது’ என்ற ஒரே வரி. ஏன் என்று நான் எழுதியிருக்கவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. மருந்து ஏறுவதற்கு முன் மாடசாமியே மருத்துவரின் கையைப் பிடித்துத் தடுத்து, தொண்டையில் குழாய் போகவில்லை என்று அன்று நான் வாயால் சொல்லியிருந்த விஷயத்தைச் சொல்ல, அவர்கள் நிறுத்திவிட்டு, கிருமிக்கு மட்டும் மருந்து ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவர் என்னைக் குறைசொல்லவில்லை, சந்தேகம்தான் கேட்டார்: “காயிதத்துல இல்லாததை நான் வாயால சொன்னேன் சார். அன்னிக்கு நெனவு தப்பிக் கெடந்திருந்தா, யாரு சொல்லியிருப்பா?”

தோழரே, எந்தக் கருவி மேல் என்ற விவாதத்தை நாளைக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு அகப்படாத தொண்டையோடு வீடு போன ஒருவர் உங்களுக்கும் இருப்பார். எது தோற்றது, எது பலித்தது, முகமூடியில் காற்றுப் போயிற்றா இல்லையா என்பதை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி அவர் கையில் கொடுங்கள்; ஊருக்குப் போய்விட்டார் என்றால் போனில் கூப்பிட்டாவது வரவழையுங்கள். இரு கருவிகளையும் ஒப்பிட்டதில் நான் கண்டது இவ்வளவே: இரண்டும் தத்தம் குறையை அந்தந்த நிமிடமே காட்டிவிட்டன, மறைத்து வைத்தது அவற்றைப் பிடித்திருந்த ஆள்தான், ஆகையால் இன்று பணி முடித்து அங்கியைக் கழற்றுமுன் அந்தக் காகிதத்தை எழுதிவிடுங்கள்.