தூங்கவிடாத வைத்தியம்

நோயாளியைத் தூங்கவைப்பதுதான் நர்ஸ் உத்தியோகம் என்று நினைத்திருந்தேன். எழுபதுகளில் திருப்பூரில் எனக்கு வாய்த்த டாக்டரோ, தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார். அடுத்தவருக்காகக் கண்விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, என் பாடு புரியும்.

மாத்திரை இல்லாத சீட்டு

பனியன் கம்பெனிக்காரர் பழனிச்சாமியின் மனைவி மரகதம், பிள்ளை பெற்றதிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை. குழந்தையைத் தொடுவதுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் குழந்தையைச் சாமளாபுரத்திலிருக்கும் தன் அக்காவிடம் கொடுத்துவிடுவது என்று பழனிச்சாமி முடிவெடுத்திருந்தார்.

டாக்டர் சீட்டில் மருந்தே இல்லை. ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும், விடிந்ததும் வெளிச்சத்தில் உட்கார வேண்டும், மறுநாள் பகலில் கண்ணசரக் கூடாது, அவ்வளவுதான். சீட்டைப் புரட்டிப் பார்த்த பழனிச்சாமி கேட்டார்: "ஏனுங்க நர்சம்மா, எங்க ஊட்டுல மெஷின் சத்தத்துல யாருமே தூங்கறதில்லீங்க. இதுக்கு டாக்டர் வேணுங்களா?"

வெள்ளைக் காடு

ராத்திரி முழுக்கப் பேச்சுக்கொடுத்தே ஓட்டிவிட்டு, விடியலில் மரகதத்தைச் சலவைக்காரர்கள் துணி காயப்போடும் வெட்டவெளிக் காட்டுக்கு அழைத்துப்போனேன். வெளுத்த பனியன் துணி கண்ணுக்கெட்டிய தூரம் தரையில் விரிந்துகிடந்தது. சூரியன் ஏற ஏற, வெளிச்சம் மேலிருந்தும் வந்தது, கீழிருந்தும் வந்தது. எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது. வெகுநேரம் கழித்து மரகதம் வாய்திறந்தார்: "அந்த ஓரம் காஞ்சிருச்சுங்க, திருப்பிப் போடோணும்."

இரக்கத்தால் வந்த வினை

அன்று மதியம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டோடு ஒட்டிய கம்பெனியே நிசப்தம். நாலு மெஷினும் நின்றிருந்தன. ஆட்கள் நுனிக்காலில் நடந்தார்கள். மெஷின் மாஸ்டர் காதர் பாய் வாயில் விரல் வைத்து என்னை அடக்கினார். உள்ளே பாயில் மரகதம் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பினேன். மறுபடியும் அதே சுவர், அதே பார்வை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காதர் பாய் ஒன்றும் புரியாமல் சொன்னார்: "பாவம், அசந்து தூங்குதேன்னு நாந்தானுங்க மெஷினெல்லாம் நிறுத்தச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை

இன்னோர் இரவு விழித்தோம். இம்முறை காதர் பாய் பகலெல்லாம் ஒரு மெஷினையும் நிற்கவிடவில்லை. அதன்பிறகு தினமும் பொழுதோடு படுக்கை, விடியலில் வெள்ளைக் காடு.

வெள்ளிக்கிழமை காலை பழனிச்சாமியின் அக்கா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டு போக அந்தக் காட்டுக்கே வந்துவிட்டார். மரகதம் நிமிர்ந்து பார்த்தார். மெல்ல எழுந்துபோய், சேலைத் தலைப்பை விரித்துக் குழந்தைக்கு நிழல் பிடித்து நாத்தனாரிடம் சொன்னார்: "புள்ளை மூஞ்சியில வெயில் அடிக்குதுங்க நங்கையா, இங்க குடுங்க."

அந்த ஒரு வாரத்தில் கெட்டுப்போன தூக்கத்தில் பாதி என்னுடையது, அதை மட்டும் இன்றுவரை யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.