கொக்கியில் அடித்த பச்சைப் பெயிண்ட்

என் வலது கைச் சுண்டுவிரல் ஏன் நிமிராது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பிறவிக் கோளாறு என்று சொல்லி வந்தேன். அது பொய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு லைட் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தேன். நூல் வியாபாரி ஒருவர் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கோத்து இழுக்கச் சின்ன ட்ரெய்லர் ஒன்று செய்து கொண்டுவந்தார். அவருடைய தம்பிதான் அதில் நூல் மூட்டை ஏற்றி வீரசோழன் வரைக்கும் போய்வருவார். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு மாட்டச் சொன்னார். பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் இழுத்தேன். கரண்ட் திரும்பி வருவதற்குத் தனி வயர் போடவில்லை. ட்ரெய்லரைக் கோக்கிற இரும்புக் கொக்கி வழியாகவே அது திரும்பிவிடும். எர்த் என்போம். எல்லாரும் அப்படித்தான் செய்தோம். விளக்கு நன்றாக எரிந்தது.

ஆயுத பூசை முடிந்த மறுநாள், பொழுது இறங்கும் நேரம், திருச்சுழி ரோட்டில் ஒரு லாரி அந்த ட்ரெய்லரைப் பின்னாலிருந்து மோதியது. தம்பியின் கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. விளக்கு எரியவில்லை என்று லாரிக்காரன் சொல்லிவிட்டான்.

இரண்டாம் நாள் காலை வியாபாரியும் அவருடைய லோடுமேனும், நெளிந்த ட்ரெய்லரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். வந்ததும் வியாபாரி என்னை அறைந்தார். காதுக்குள் ரத்தம் கசிந்தது. கீழே விழுந்த என்னை லோடுமேன் முதுகில் மிதித்தான்.

“மதுரை ஆஸ்பத்திரில என் தம்பி காலை எடுத்துட்டாக. ஒனக்கு மட்டும் கை எதுக்குலே?” என்றார் வியாபாரி.

என் வலது கையை இழுத்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்குள் வைத்துப் பிடியைத் திருகினார். சுண்டுவிரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்னும் இரண்டு சுற்றுத் திருகினால் மற்ற விரல்களும் போய்விடும். கை போனால் தொழில் இல்லை. உங்கள் அம்மா அப்போது மாசமாக இருந்தாள்.

வலியில் தலை தொங்கியபோதுதான் கொக்கி கண்ணில் பட்டது. மொத்தமாகப் பச்சைப் பெயிண்ட். அதன்மேல் சந்தனம், குங்குமம். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் போகாது.

“அண்ணாச்சி, லைட் சுவிட்சைப் போட்டுட்டு அந்தக் கொக்கியைச் சொரண்டிப் பாருங்க. பெறகு என்னைக் கொன்னு போடுங்க.”

“கையி மாட்டுனதும் கதை விடுறான் பாருங்க,” என்றான் லோடுமேன்.

“சொரண்டுலே. அதையும் பாத்துருவம்,” என்றார் வியாபாரி.

அவன் சுவிட்சைப் போட்டுவிட்டு, கொக்கி கோத்திருந்த இடத்தை அரத்தால் சுரண்டினான். இரும்பு தெரிந்ததும் உடையாமல் மிஞ்சியிருந்த இடதுபக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வியாபாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நகக்கண்ணில் இன்னும் பச்சை இருந்தது.

“பூசைக்கு நாந்தான அடிச்சேன்,” என்றார்.

வைஸைத் தளர்த்தி என் கையை எடுத்துவிட்டு, தன் கையை உள்ளே வைத்தார். “திருகுலே.”

திருகினேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், ஆத்திரத்தோடு ஒரு முழுச் சுற்றுத் திருகினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த சுற்றுக்குப் பிடியில் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ட்ரெய்லரைக் கொடுத்த அன்று, இவருக்கு எர்த்தைப் பற்றி என்ன தெரியும் என்று அலட்சியமாக ஒன்றும் சொல்லாமல் அனுப்பியது நான்.

பிடியை மறுபக்கம் சுற்றிவிட்டேன்.

“கொக்கில பெயிண்ட் படக்கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன், அண்ணாச்சி.”

“ஒத்தை வார்த்தை சொல்லிருந்தா அடிச்சிருக்க மாட்டேனேலே,” என்றார்.

லோடுமேன் போய் விளக்கை அணைத்தான்.