குழாய்ப் பாதையில் இரண்டு பனைகள்

நான் ஒரு பொய் எழுதினேன். ஒரே ஒரு வார்த்தைதான். அதனால் ஒருவர் செத்துப்போனார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிப் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. வெளிநாட்டுக் கப்பல் வராமல் போனாலும் நம் வண்டிகள் ஓட வேண்டுமே, அதற்கான சேமிப்பு. அவசியமானதுதான். அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதன் குழாய்ப் பாதைக்கு சர்வே செய்த எஞ்சினியர் நான். ரிட்டயர் ஆகும் முன் செய்த கடைசி வேலை.

பாதையில் இரண்டு பனைமரங்கள் — ஒன்று முன்னால், ஒன்று சற்றுப் பின்னால். ஏழுமலை என்ற மீனவர் வந்து நின்றார்.

“இன்னா சார் எழுதிக்கினு கீற? மரத்துல கை வெக்காத. கடல்லேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத் தெரியும் பாரு... அங்க தண்ணிக்கடியில பாறை. ஒண்ணாவறதுக்குள்ள போட்டைத் திருப்பிடணும்.”

“ஜிபிஎஸ் இல்லையா?”

“கீது. அது பத்தடி தள்ளிக் காட்டும். பாறை தள்ளிப் போவுமா?”

சிரித்தேன். பாதையைப் பன்னிரண்டு மீட்டர் வளைத்திருந்தால் போதும். ஆனால் வரைபடத்தைத் திருத்த வேண்டும், மறுபடி அனுமதி வாங்க வேண்டும்... யாருக்குப் பொறுமை? படிவத்தில் ‘உள்ளூர் மக்கள் பயன்பாடு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். மரங்கள் விழுந்தன.

அடுத்த மழைக்காலத்தில், கடல் ஏறியிருந்த ஒரு விடியற்காலை, ஏழுமலையின் படகு அந்தப் பாறையில் மோதியது. மகன் செல்வம் நீந்திக் கரை சேர்ந்தார். அப்பா கிடைக்கவே இல்லை.

இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு கம்பெனிக்கு உண்மையை எழுதினேன். நடையாய் நடந்து, மரங்கள் நின்ற அதே இடங்களில், குழாய்க்கு மேலே மேடை கட்டி, இரண்டு இரும்புக் கம்பங்களை நிறுத்தவைத்தேன். செல்வத்தின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

“கம்பம் நட்டியே சார்... ஒருவாட்டி போட்ல வந்து பாரு.”

போன வாரம் போனேன். கரை திரும்பும்போது சூரியன் எழுந்திருந்தது. தொட்டிகளின் வெள்ளைச் சுவர் பளீரென்று கண்ணைக் கூசவைத்தது. அந்த வெளிச்சத்தில் என் கம்பங்கள்... எங்கே? தெரியவே இல்லை. செல்வமோ அலட்டிக்கொள்ளாமல் படகைத் திருப்பினார். எங்களுக்கு இடப்புறம், கை எட்டும் தூரத்தில், பாறை மேல் அலை உடைந்தது.

“கம்பம் தெரியலையே தம்பி. எப்படித் திருப்பினீங்க?”

“கம்பத்த யாரு பாத்தா? மரம் தெரியுதே.”

“எந்த மரம்?”

“தோ, செவுத்துல. எல்லாருக்கும் தெரியுது சார். உனக்குந்தான் தெரியும், பாரு.”

பார்த்தேன். தொட்டிச் சுவரில் இரண்டு நீண்ட நிழல்கள். கம்பங்களின் நிழலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உச்சியில் ஓலைகள் இருந்தன. அசைந்தன. கடலில் அப்போது காற்றே இல்லை.

நான் ‘இல்லை’ என்று எழுதிய மரங்கள், இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.