எலும்புக்குள் ஒரு பெரட்டு

புற்றுநோய் மருந்து ஏற்றியதில் என் வெள்ளணுக்கள் குறைந்துவிட்டன. அதற்குத் தினமும் ஒன்றாகச் சில நாள் ஊசி. மூன்றாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தார் அந்த அம்மா. கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மொட்டைத் தலையில் ஊதாக் கம்பளித் தொப்பி. பேசும்போதும் இடுப்பெலும்பை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

“வலிக்குதாம்மா?” என்றேன்.

“வலிக்குதுங்க. நல்லதுதானாம், வெள்ளணு வளர்ற வலியாம். ஊசியில வெள்ளணு இல்லையாம். எலும்புக்குள்ள போயி, வளந்து வாங்கன்னு அதுகளக் கூப்புடுறது மட்டுந்தான் இதுக்கு வேலையாம். நர்சம்மா சொன்னாங்க. பெரட்டுல கங்காணி கூப்புடுற மாதிரி.”

பெரட்டு என்பது காலையில் தோட்டத்து ஆட்கள் கூடி வேலை பிரிக்கும் இடம்.

“எனக்கும் இதே ஊசிதான். வலியே இல்லையே?”

அவர் கை நின்றது. “எல்லாருக்கும் வலிக்காதாம்” என்றார் அவசரமாக. பிறகு மெதுவாக, “ஒண்ணுதாங்க வெளங்கல. எங்க கங்காணியும் தெனம் கூப்புடுறாரு. லயத்து வீடுகள்ல பாதிப் பேரு கொழும்புக்குப் போயிட்டாங்க. கூப்புட்டா மட்டும் ஆள் வந்துருமா?”

தனக்காகக் கேட்டாரா, எனக்காகவா? நான் வாய் திறப்பதற்குள் அவரை உள்ளே அழைத்துவிட்டார்கள். அப்புறம் அவரைக் காணவில்லை.

இன்று காலை தேநீர் ஊற்றும்போது என் இடுப்பெலும்பு விண்ணென்று தெறித்தது. நாளைக்குத்தான் இரத்தப் பரிசோதனை. ஆள் வந்த வலியா இது, இத்தனை நாளும் அவரைப் போலவே அமுக்கி அமுக்கி நானே வரவழைத்ததா?