மைதா பசையில் ஒட்டிய டிராகன்

இன்று காலை ஆனையூர் சரவணனைப் பார்த்துக் கடை வாசலிலேயே கத்திவிட்டேன்.

ஞாயிறுதோறும் பழங்காநத்தத்தில் என் ஸ்டேஷனரி கடையில் ஏழெட்டுப் பேர் டிராகன், கழுகு என்று படம் போட்ட அட்டைகளை வைத்து விளையாடுவோம். அசல் அட்டை கிடைக்காதவர்கள் கலர் பிரிண்ட் எடுத்து, பழைய சீட்டில் ஒட்டி நகல் செய்துகொள்வார்கள். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.

போன வாரம் சரவணன் தன் நகல்களை நான் அட்டைகள் வைக்கும் டப்பாவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இன்று திறந்தால் உள்ளே கரப்பான். நகல்களை அரித்ததோடு, நான் மூன்று வருடம் தேடி வாங்கிய அசல் டிராகன் அட்டையின் தலையையும் தின்றுவிட்டது.

"எதுலடா ஒட்டுன?"

"வீட்டுல மைதா காய்ச்சித்தாண்ணே."

"மயில்துத்தம் கலந்தியா?"

"அது எதுக்கு?"

பூச்சி அண்டாமலிருக்க அதைக் கலக்க வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டுகிறவருக்குத் தெரியும். இந்த இன்ஜினியருக்குத் தெரியவில்லை.

"தலை மட்டும்தானண்ணே போச்சு. அதுக்கா இம்புட்டு கத்துறீங்க?"

"ஒன் தலைய மட்டும் தின்னுருந்தா நீ கத்த மாட்டியா மாப்ள?"

கத்தியது தப்பு என்பவர்கள் உங்கள் அசல் அட்டையை அவன் நகல்களோடு ஒரு வாரம் வைத்துவிட்டு வந்து பேசுங்கள்.

கடைசியில் பேசி முடித்தது இதுதான்: அவனுடைய அசல் கழுகு அட்டை எனக்கு, தலையில்லாத டிராகன் அவனுக்கு. அதற்குத் தலை ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் பசை என் கடையில்தான் வாங்க வேண்டும்.