மேஸ்திரி வீட்டுத் தையல் மிஷின்

எங்கள் வீட்டில் இரும்பால் செய்த எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காக இருந்ததில்லை. ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் வீடு. கதவுக் கீல், பம்பு ஸ்டவ், குழாய் என்று எல்லாவற்றையும் உப்புக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஏதாவது ஒன்று கூடத்தில் பழைய பேப்பர் மேல் பிரிந்து கிடக்கும். அதன் முன்னால் ஸ்குரு டிரைவரும் கையுமாக என் சித்தப்பா உட்கார்ந்திருப்பார்.

சித்தப்பா துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணி எழுதும் குமாஸ்தா. எழுத்து முத்து முத்தாக இருக்கும். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் ஆணி ஒரு பக்கம் வளையும், காரை ஒரு பக்கம் பெயரும், கடைசியில் அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் தெருவே மெக்கானிக் என்று கொண்டாடியது. அந்தப் புகழுக்குப் பின்னால் இருந்த சங்கதி வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், இன்னொன்று சித்தி, மூன்றாவது ஒன்பது வயதான நான்.

சித்தி வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் அப்பா தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி வந்த முதல் மாதமே எங்கள் ரேடியோவில் முள் நகரவில்லை என்று பின்பக்கத்தைத் திறந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து அந்த நேரம் பார்த்து நைனா, என் அப்பா, உள்ளே வந்தார். அவர் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சத்தத்தில் நிற்பதால் சாதாரணமாகப் பேசினாலே அதட்டுவது போலிருக்கும். அன்று நிஜமாகவே அதட்டினார்.

"வூட்டுப் பொம்பளைக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு? கரண்ட்டு இஸ்துக்கினா உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?"

சித்தி ரேடியோவை மூடிவைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சித்தப்பாவுக்கு ரிப்பேர் வேலையில் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது.

பிரிப்பது வரைக்கும் அவர் வேலை. பிரித்துப் பரப்பியதும் யாரையோ பார்க்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நைனா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போவார். அம்மா தன் அக்காவைப் பார்க்கப் போவாள். சித்தி எல்லாவற்றையும் பேப்பரோடு அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவாள். உள்ளே நான் இருப்பேன்.

அந்த மத்தியானங்களைப் போல ஒரு சுகத்தை நான் பிறகு அதிகம் கண்டதில்லை. அரிசி களைவது போலவே சித்தி திருகாணிகளைக் கிண்ணத்து மண்ணெண்ணெயில் களைவாள். பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து வரிசையாக அடுக்குவது என் வேலை. ஸ்டவ்வைப் பூட்டி, அடைத்த துளையில் பின் குத்தி, பம்பு அடித்து, மஞ்சளாக எரிந்த தீ மெல்ல நீலமாகிச் சீராக உறுமத் தொடங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பிறகு அந்த ஸ்டவ்விலேயே எனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ. ஒரே ஒரு திருகாணியைத் தளர்வாக விட்டுப் பொருளைத் திரும்பவும் கூடத்தில் வைத்துவிடுவாள். சாயங்காலம் சித்தப்பா வந்து அதை முடுக்குவார். என் தம்பி கை வெச்சா போதும் என்று நைனா தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. சித்தப்பா ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துவிட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தை இறக்கிப் பிரிப்பார். பாவம், கை அரிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பியின் பெருமையை நைனா துறைமுகத்திலும் அளந்திருக்கிறார். வின்ச் யாருக்கு, எந்த ஷிப்ட் என்று முடிவு செய்கிற மேஸ்திரியின் வீட்டில் கல்யாணம் வந்தது. புதன்கிழமை கல்யாணம். பொண்ணுக்கும் தங்கைகளுக்கும் ஜாக்கெட் எல்லாம் வெட்டி வைத்தாயிற்று. ஞாயிறு காலையில் தையல் மிஷின் படுத்துவிட்டது. பதினோரு மணிக்கு அது மூணு சக்கர வண்டியில் எங்கள் வாசலில் வந்து இறங்கியது, கூடவே மேஸ்திரியும். ரிப்பேர் முடிந்ததும் கையோடு எடுத்துப் போவதாகச் சொல்லி, நாற்காலியை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு யாரையும் பார்க்கப் போக வழியில்லை. அவர் பிரிக்கத் தொடங்கினார். மேலே இருந்த தகட்டைக் கழற்றினார், நூல் போகிற வில்லைகளைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழற்ற வேறொன்றும் இல்லாமல் போனதும் சக்கரத்தைச் சும்மா சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தார். நைனா முதலில் பெருமையாக நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு தம்பியின் முகத்தையே பார்க்கத் தொடங்கினார்.

அடுப்படியில் சித்தி வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சக்கரம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். என்னைக் கிட்டத்தில் இழுத்து, ஊசிக்குக் கீழே நூல்கண்டு உட்காரும் ஷட்டிலைக் கழற்றிப் பார்க்கச் சொல், ஊசி முனை ஒடிந்து உள்ளே கிடக்கிறது, சித்தப்பா காதோடு மட்டும் சொல் என்று டீ டம்ளரைக் கொடுத்து அனுப்பினாள்.

நான் போனேன். சித்தப்பாவின் ஒரு காதுப் பக்கம் மேஸ்திரியின் தலை இருந்தது. மறு பக்கம் சுவர். டீ சுட்டது. எவ்வளவு நேரம்தான் நிற்பது? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா, கீழ ஷட்டில கயட்டணுமாம். ஊசி மொனை ஒடஞ்சி உள்ள கீதாம். சித்தி சொல்லிச்சு."

சக்கரம் நின்றது. அம்மா வாசற்படியில் கரண்டியோடு அப்படியே நின்றாள். நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. சித்தப்பா ஸ்குரு டிரைவரைத் தரையில் வைத்தார்.

"ண்ணா, எனக்கு இந்த வேல தெரியாது. எப்பவுமே தெரியாது. ரெண்டு வருசமா இந்த வூட்ல எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணது அவதான்."

நைனா எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி பேசிவிட்டார்.

"யாரு பண்ணா இன்னாப்பா, பொதங்கெழம கல்யாணம். அந்தப் பொண்ண வரச் சொல்லு."

நைனா தரையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, அவருக்கே புதிதான ஒரு குரலில், "ஏம்மா, வந்து இன்னான்னு பாரு" என்றார்.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மிஷினைப் பின்னால் சாய்த்து, ஷட்டிலைக் கழற்றி, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி உள்ளே விட்டு நெம்பினாள். அரிசி முனையளவு இரும்புத் துண்டு ஒன்று பேப்பரில் விழுந்தது. பிறகு உள்ளே துடைத்து எண்ணெய் விட்டாள். குனிந்து உற்றுப் பார்க்கும்போது சித்தியின் மேல் நிழல் விழுந்தது. அது நைனாவின் நிழல். அவர் சட்டென்று விலகிப் போய், எப்போதும் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும் ஜன்னலின் இன்னொரு கதவையும் தட்டித் தட்டித் திறந்துவிட்டார். வெளிச்சம் நேராக மிஷின் மேல் விழுந்தது.

புது ஊசி மாட்டி, நூல் கோத்து, துண்டுத் துணியை வைத்து ஓட்டினாள். தையல் எறும்பு வரிசை போல நேராக விழுந்தது. மேஸ்திரி அதை விரலால் தடவிப் பார்த்தார். உன் வீட்டு மெக்கானிக் யாரென்று உனக்கே தெரியவில்லையே என்று நைனாவிடம் சொல்லிச் சிரித்தார். நைனா கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அதன் பிறகுதான் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

வண்டி போனதும் நான் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்துகொண்டேன். ஊரறிய சித்தப்பாவின் மானத்தை வாங்கிவிட்டேன். கை கழுவ வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று அழுதேன். அவர் ஈரக் கையால் என் தலையைத் தட்டினார்.

"நான் சொல்லியிருக்கணும் பாப்பா. எனக்குத்தான் தைரியம் இல்ல."

கூடத்தில் நைனா தன் டார்ச் லைட்டைச் சித்தியின் முன்னால் வைத்து, அது அணைந்து அணைந்து எரிகிறதென்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி கதவைச் சாத்தாமல், எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து அதைத் திறந்தாள். சித்தப்பா கொஞ்ச நேரம் கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயை விரித்துப் படுத்தவர், சோறு வடிப்பதற்குள் குறட்டை விடத் தொடங்கிவிட்டார். அத்தனை பேர் முன்னால் பெயரை இழந்த மனிதருக்கு எப்படித் தூக்கம் வருகிறதென்று எனக்குப் புரியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டேன்.